ஒலிக்கலவை யார் கையில்?

ஒரு பாட்டைக் கேட்கும்போது பாடகரின் குரல் முன்னால் நிற்கிறது. ஆர்மோனியம் அதற்குச் சற்றுப் பின்னால். தபேலா ஒரு பக்கமாக, புல்லாங்குழல் மறுபக்கமாக, எங்கோ தொலைவில் கூட்டுக்குரல். இந்த ஒழுங்கு தானாக அமைந்ததன்று. யாரை முன்னுக்கு விடுவது, யாரைப் பின்னுக்கு நிறுத்துவது என்று ஒருவர் இருந்து தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானத்துக்குத்தான் மிக்ஸிங், ஒலிக்கலவை என்று பெயர். பாடியவரையும் பாட்டெழுதியவரையும் இசையமைத்தவரையும் பற்றி நம்மவர் எழுதியவை நிறைய உண்டு. இந்த நான்காவது ஆளைப் பற்றி எழுதியவை மிகக் குறைவு.

இன்று எங்கள் தீவுப் பகுதியில், புளியங்கூடல், சரவணை, நாரந்தனைப் பக்கங்களிற்கூட, வீட்டின் ஓர் அறையில் மைக் ஒன்றையும் கணினி ஒன்றையும் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்த நான்காவது ஆளின் வேலையும் இப்போது அவர்களுடையதே. ஆனால் இந்த அதிகாரம் அவர்கள் கைக்கு வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அது எவரெவர் கையில் இருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதும் ஓரளவு விளங்கும்.

எடிசன் 1877இல் குரலைப் பிடித்துவைக்கும் கருவியைச் செய்தார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு மைக் என்பதே இல்லாமல்தான் இசைத்தட்டுகள் உருவாயின. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழலுக்குள் பாடுவார். அந்தக் காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். இடையில் மின்சாரமும் இல்லை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இல்லை. இருந்த ஒரே திருகு தூரம். உரத்த குரலுக்காரரைப் பின்னே நிறுத்துவார்கள். மெல்லிய வாத்தியக்காரரைக் குழலின் வாய்க்குள் திணிக்காத குறையாக அருகே இருத்துவார்கள். வயலின் ஓசை எட்டவில்லை என்று 1899இல் ஸ்ட்ரோ என்பவர் வயலினுக்கே ஒரு குழல் பொருத்தினார். பெரிய முரசுகளின் அடி ஊசியைத் துள்ளவைத்துத் தட்டைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்த்தார்கள், அல்லது அறையின் மூலைக்குத் தள்ளினார்கள்.

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகும். கணக்கில் அது 6 டெசிபல் குறைவு. அந்நாள் ஒலிப்பதிவாளருக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டிருக்காது. பாடகரின் தோளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தியே அவர் அதைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தார். உலகின் முதல் ஒலிக்கலவை ஒருவரைத் தள்ளி நிறுத்தியதில்தான் தொடங்கியது.

இலண்டனிலிருந்து கிராமபோன் கொம்பனிக்காக வந்த பிரெட் கெய்ஸ்பேர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே போனால் இடமில்லை. மணிக்கணக்கில் விரியும் இராகத்தை அந்த அம்மையார் அதற்குள் அடக்கினார். முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். தட்டுகள் அச்சாவது ஜேர்மனியின் ஹனோவரில். அங்குள்ளவருக்கு எந்தத் தட்டில் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னார் என்பர். அந்தப் பழக்கத்தால் பல பழைய தட்டுகளின் சொந்தக்காரர்களை இன்றும் அடையாளம் காண முடிகிறது.

அந்தக் குழல் எதைப் பிடித்தது, எதை விட்டது என்பது முக்கியமானது. மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை கேட்கும். குழல் பிடித்தது சுமார் 250 முதல் 2,500 வரை. ஆகவே மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் கும்கி, பக்கீர்மாரின் றபானில் உள்ளங்கை விழும்போது வரும் அடியோசை, தம்புராவின் கீழ்நாதம் என்பனவெல்லாம் பெரும்பகுதி குழலுக்கு வெளியே நின்றுவிட்டன. பழைய தட்டுகளைக் கேட்டுவிட்டு, ‘அந்தக் காலத்தில் மிருதங்கம் வெறும் டொக் டொக்தான்’ என்று தீர்ப்புச் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த வித்துவானின் தொப்பி நன்றாகவே பேசியிருக்கும். குழலுக்குத்தான் அதைக் கேட்கும் காது இல்லை. ஓர் ஒலிப்பதிவை வரலாற்றுச் சான்றாகக் கொள்பவர் முதலில் அதை எடுத்த கருவியை விசாரிக்க வேண்டும். எழுத்துச் சான்றை எழுதியவன் யாரென்று கேட்கிறோம் அல்லவா, அதைப் போல.

1925இல் மின்முறைப் பதிவு வந்தது. மைக் வந்தது. மெல்லப் பாடுகிறவரும் உரத்த வாத்தியத்தோடு சேர்ந்து கேட்கலாம் என்றாயிற்று. ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு வைத்து, கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் உட்கார்ந்தார். தோளைப் பிடித்து நகர்த்திய கை திருகுக்கு மாறியது. பாடுபவருக்கு அவர் முகம் தெரியும், அவர் செய்வது தெரியாது.

கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. அது 1949இல் இலங்கை வானொலியாகவும் 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தது. அதன் தமிழ்ச் சேவையும் முஸ்லிம் சேவையும் நம் வீடுகளில் என்ன செய்தன என்று இந்த ஏட்டின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. மயில்வாகனத்தின் குரலையும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலையும் தமிழகமே காத்திருந்து கேட்டது. சேலத்தில் பிறந்து இங்கு வந்த முகைதீன் பேக் (1919–1991) கொழும்பின் இசைத்தட்டுகளில் பாடத் தொடங்கி, சிங்கள மக்கள் தங்கள் வெசாக் காலத்திலும் தேடும் குரலாக ஆனார். எம்.கே.றொக்சாமி, ஆர்.முத்துசாமி போன்றோர் சிங்களப் படத்துக்கும் தமிழ் மெல்லிசைக்கும் ஒரே கையால் இசை தந்தனர்.

ஆயினும் திருகு கொழும்பில் இருந்தது. தீவகத்தில் ஒருவருக்கு நல்ல குரல் இருந்தால் பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணத்தில் மெயில் வண்டி ஏறி, குரல் தேர்வில் தேறினால்தான் அந்தக் கண்ணாடிக்கு இப்பால் நிற்கலாம். நின்றபின்னும் தம் குரலோடு எந்த வாத்தியம் எவ்வளவு சேர வேண்டும் என்று சொல்ல அவருக்கு இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் பலர் தேர்ந்த காதுக்காரர்கள். அவர்கள் வைத்த அளவினால்தான் அந்நாள் மெல்லிசைப் பாடல்கள் ஒரு சொல்லும் விழுங்கப்படாமல் இன்றும் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் நாட்டுக்கூத்து அண்ணாவியாரும் மௌலூது ஓதும் குழுவினரும் ஊர்க் கலியாண வீட்டு மேளகாரரும் அந்த அறைக்குப் போனது அபூர்வம். போகாதவர்களின் ஒலி பதிவாகவில்லை.

நாகூர் ஹனிபாவின் (1925–2015) குரலை இந்த இடத்தில் நினைக்கலாம். கட்சிக் கூட்டங்களிலும் மீலாத் மேடைகளிலும் ஆயிரக்கணக்கானவருக்கு எட்டும்படி வளர்ந்த உச்சஸ்தாயிக் குரல் அது. அப்படிப்பட்ட குரலை மைக்குக்கு ஒட்டிவைத்துப் பதிந்தால் எழுச்சி வருமிடத்தில் ஒலி உடையும். எட்ட நிறுத்தினால் அறையின் முழக்கம் சேரும். அவரது நல்ல பதிவுகளில் குரல் முகத்துக்கு நேரே நிற்கிறது, ஆனால் உடையவில்லை. அதற்குப் பின்னால் பெயர் தெரியாத ஒருவரின் விரல் இருக்கிறது.

கண்ணாடிக்கு வெளியே ஒலிப்பதிவு வந்தது ரேப் றெக்கோடரோடுதான். ஜேர்மனியில் 1935இல் காட்சிக்கு வந்த காந்த நாடாக் கருவி, போருக்குப் பின் உலகெங்கும் பரவி, ஐம்பது அறுபதுகளில் யாழ்ப்பாணத்தின் வசதியான வீடுகளுக்கும் வந்தது. அதனால் நமக்குக் கிடைத்த பெரும் சொத்து அளவெட்டி வி.தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவில். நாதஸ்வரம் என்றால் ஷேக் சின்ன மௌலானாவைப் (1924–1999) பெருமையோடு நினைக்கும் நாம், தவில் என்றால் நினைக்க வேண்டிய பெயர் இது. நாற்பத்திரண்டு வயதைக்கூட எட்டாமல் மறைந்துபோன அந்த மேதையின் வாசிப்பில் இன்று கேட்கக் கிடைப்பவற்றுள் நல்லதொரு பங்கு, கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் இரசிகர்கள் தங்கள் ஸ்பூல் கருவியில் பிடித்தவை. நிறுவனம் எதுவும் திட்டமிட்டுச் செய்ததன்று. 2015இல் அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அது இந்திய தேசிய விருதும் பெற்றது. அத்தகைய படம் ஒன்று இன்று சாத்தியமாவதற்கு அந்த இரசிகர்களின் பழைய நாடாக்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த நாடாக்களைக் கேட்பது ஒரு பாடம். இரசிகரிடம் இருந்தது ஒரே ஒரு மைக். எந்தப் பக்கம் இடம் கிடைத்ததோ அதுவே கலவை. தவிலின் வலந்தலைப் பக்கம் இருந்திருந்தால் விரற்கூடுகளின் கூர்மை தெறிக்கும். தொப்பிப் பக்கம் இருந்திருந்தால் கம்பின் அடி எல்லாவற்றையும் மூடும். நாதஸ்வர ஆலாபனையில் அளவு வைத்திருப்பார், முள் அடக்கமாக ஆடியிருக்கும். தனி தொடங்கித் தவில் பொங்கும்போது முள் சிவப்புக்குள் போய்த் திரும்பாது. அந்த இடங்களில் நாடா நிறைந்து வழிந்து, அடிக்கு அடி பிரிந்து கேட்க வேண்டிய சொற்கள் ஒன்றோடொன்று கசங்கிக் கிடக்கின்றன. அந்தக் கசங்கலை எந்தக் கணினியாலும் முழுதாக நீக்க முடியாது. அப்படியிருந்தும் அந்த இரசிகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அன்று கருவியைத் தூக்கிக்கொண்டு போகாவிட்டால் கசங்கிய சொற்களும் இல்லை.

பிலிப்ஸ் கொம்பனி 1963இல் கசெற்றை அறிமுகப்படுத்தியது. எழுபது எண்பதுகளில் யாழ்ப்பாண நகரத்தில் றெக்கோடிங் பார்கள் பெருகின. ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் அறுபது நிமிடக் கசெற்றில் பதிந்து தருவார்கள். அங்கே கலவை கடைக்காரர் கையில். ‘பாஸ்’ஸைக் கூட்டிவைப்பவரே கெட்டிக்காரர் என்று பெயர். பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் நாடாவின் இரைச்சல் கூடும், மேலோசை மங்கும். நாலாவது பிரதியில் ஜாலரா மணலில் விழுந்ததுபோல் கேட்கும்.

பிறகு 1990. அந்த ஆண்டு தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனது, ஊர்கள் வெறுமையாயின. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வீட்டையும் கடையையும் விட்டுப் போனவர்கள் கசெற்றுகளையா காவிக்கொண்டு போயிருப்பார்கள்? சோனகத்தெருவின் கலியாண வீடுகளில் பாடிய பாட்டுகள், மறைந்துபோன மூத்தவர்களின் குரல்கள் எத்தனை அந்த இரண்டு மணி நேரத்தில் அலுமாரிகளிலேயே கிடந்துபோயிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. எங்கள் தீவு வீடுகளின் நாடாக்களுக்கும் அதே ஆண்டில் ஏறக்குறைய அதே கதிதான்.

மின்சாரம் இல்லாத குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலியும் கசெற்றும் கேட்டார்கள். சுழற்றுகிறவர் களைத்தால் பாட்டும் இழுபடும், சுருதி இறங்கும். ஒலியின் வேகமும் சுருதியும் ஒன்றே என்ற விஞ்ஞானத்தைப் புத்தகத்தில் படிக்காமலே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அறிந்துகொண்டது அப்படித்தான். வகுப்பில் அதிர்வெண் பாடம் எடுக்கும்போது இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். வீட்டில் இருந்துகொண்டு பல அடுக்குகளாக ஒலிப்பதிவு செய்யலாம் என்று முதலில் பெரிய அளவில் காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்க கித்தார் கலைஞர் லெஸ் பால். 1948இல் வெளிவந்த ஒரு பாட்டில் அவர் தம் கார்க் கொட்டகையில் இருந்தபடி, ஒரு தட்டில் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்த தட்டில் வாசித்து, எட்டுக் கித்தார்களைத் தனியொருவராக அடுக்கினார். ஓரிடத்தில் பிழைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1979இல் யப்பானிய டியக் கொம்பனி சாதாரணக் கசெற்றிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் சிறு கருவியை விற்பனைக்கு விட்டது. குரலை ஒரு தடத்தில், கித்தாரை மறு தடத்தில் பதிந்து, பிறகு ஆறுதலாக இருந்து அளவு பார்க்கலாம். தீர்மானம் பதிவுக்கு முன்னாலிருந்து பின்னாலுக்கு நகர்ந்தது.

தமிழில் இந்த மாற்றத்தின் பெயர் ஏ.ஆர்.ரஹ்மான். 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்தில் அவர் ஒலிப்பதிவு அறை ஒன்று அமைத்தார். பஞ்சதன் ரெக்கோட் இன் என்று பெயர். பஞ்சதன் என்ற சொல்லின் பொருளை இந்த வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கருவி வாங்கத் தாய் தம் நகைகளைக் கொடுத்து உதவியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதுவரை படப்பாட்டுகளில் ஒரு பெரிய கூடத்தில் பல டசின் கலைஞர்கள் ஒன்றாக இருந்து வாசிப்பதே வழக்கம். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி. பஞ்சதனில் ஒவ்வொருவரும் தனியே வந்தார்கள், பெரும்பாலும் இரவில். வாசித்ததை வைத்துக்கொண்டு ரஹ்மானும் ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதரும் பிறகு அடுக்கினார்கள். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது ஜனம் கேட்டது புது மெட்டை மட்டுமன்று. மெல்லிய ஓசைகள் குரலுக்குக் கீழே நசுங்காமல் தனித்தனி இடத்தில் நின்றன, அடியோசை வயிற்றில் கேட்டது. வீட்டு அறை ஒன்று பெரிய கூடத்தை மிஞ்சியது. 2008இல் ஸ்ரீதர் காலமானபோது பத்திரிகைகளில் அவர் பெயர் வந்தது. திருகைப் பிடித்த ஒருவருக்குத் தமிழில் அது அபூர்வமான மரியாதை.

கூடத்தில் இருந்த ஒன்று இதில் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்து வாசிப்பதில் வரும் இழைவு தனித்தனி அறையில் வராது. கூத்துக்கு மத்தளத்தையும் அண்ணாவியாரையும் பிரித்துப் பதிந்தால் இரண்டும் சரியாக இருக்கும், கூத்து இருக்காது. அங்கே பழைய குழல் காலத்து வழியே நல்லது. ஒரு மைக்கை நடுவில் வைத்து, ஆட்களை நகர்த்திப் பாருங்கள்.

2000இல் ஓடாசிற்றி என்ற மென்பொருள் இலவசமாக வந்தது. அதன்பின் திருகு எவர் கையிலும் உண்டு என்றாயிற்று. கையில் வந்ததும் முதலில் நடப்பது அதை முழுவதும் திருப்புவதுதான். நாடா நிறைந்தால் மெல்ல மெல்லக் கசங்கும். கணினிப் பதிவு அப்படியன்று. பூச்சியம் என்ற கோட்டைத் தொட்டதும் அலையின் தலை கத்தியால் வெட்டியதுபோல் போய்விடும். சோதனைக்கு மெல்லப் பாடுவதும் பதிவில் உரக்கப் பாடுவதும் மனித இயல்பு. ஆகவே பாட்டின் ஆக உரத்த வரியைப் பாடவைத்து அளவு பாருங்கள். அந்த வரியிலும் உச்சம் பூச்சியத்துக்கு 10 டெசிபல் அளவு கீழே நிற்கட்டும். சீடியின் 16 பிற் பதிவில் 96 டெசிபல் இடமுண்டு, 24 பிற்றில் கணக்கின்படி 144. சற்றுக் குறைத்துப் பதிவதால் இழப்பது ஒன்றுமில்லை. பிறகு கூட்டலாம். வெட்டுப்பட்டதை ஒட்ட முடியாது.

அடுத்தது எக்கோ. கோயில் ஒலிபெருக்கியிலும் மேடையிலும் கேட்டுக் கேட்டு, எக்கோ இல்லாத குரல் குரலே அன்று என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் ஊறிவிட்டது. உண்மையில் நம் சீமெந்துச் சுவரும் ஓட்டுக் கூரையும் கேட்காமலே அதைத் தருகின்றன. பதிவோடு சேர்ந்துவிட்ட அறை முழக்கத்தைப் பிரித்தெடுப்பது பாலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வேலை. மெத்தையும் தடித்த துணியும் சுவரில் தொங்கட்டும். மைக்குக்கு ஒரு சாண் இரு சாண் தூரத்தில் நின்று பாடட்டும். எக்கோவைப் பிறகு வேண்டிய அளவு சேர்க்கலாம். தீவகத்தில் சோளகக் காற்றுக் காலத்தில் பனையோலைச் சலசலப்பு ஓயாது. அந்த மாதங்களில் காற்று விழும் நேரம் பார்த்திருக்க வேண்டும்.

கலக்கும்போது ஒன்று கேட்கவில்லை என்றால் அதைக் கூட்டுவதற்கு முன், எது அதை மூடுகிறது என்று தேடுங்கள். ஆர்மோனியத்தின் நடுவோசையும் ஆண்குரலின் நடுவோசையும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். ஆர்மோனியத்தில் அந்த இடத்தைச் சற்றுக் குறைத்தால் குரல் தானே முன்னே வரும். ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைத்தால் தூர வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் போகும். அந்தச் சிறு தாமதமே இரண்டு அலைகளையும் ஒன்றையொன்று தின்னவைத்து, தவிலை டப்பா ஆக்கிவிடும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே செவியோசையாக்கி, மலிவான கைத்தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். ஊர் அதில்தான் கேட்கப் போகிறது.

கலந்து முடிந்த பாட்டு வெளியே போனதும் தனித்தனித் தடங்களை அழித்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு, இடம் பிடிக்கிறது என்று. அழிக்காதீர்கள். கலவை இன்றைய காதுக்கானது. பத்து வருடத்தில் வேறொருவர் அந்தக் குரலை வேறு விதமாகக் கேட்க விரும்பலாம். கோப்புக்கு ‘புதுசு 2’ என்று பெயர் வைக்காமல் பாடியவர், வாசித்தவர், ஊர், திகதி எல்லாம் எழுதுங்கள். இயலுமானால் கௌஹர் ஜான் செய்ததுபோல் பதிவின் முடிவில் பாடியவரின் வாயாலேயே பெயரையும் ஊரையும் சொல்லவையுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரலோடு அது கூடவே போகும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். 1990இல் நம் இரு தரப்பாரிடமும் அந்த இரண்டாவது பிரதி இருக்கவில்லை.